ஸ்டேஷனில் கிடக்கும் துப்பாக்கி

என்ன தம்பி, உங்க போனுக்குள்ள துப்பாக்கி துப்பாக்கினு ஒரே கத்தலா இருக்கு, சினிமாவா? ஓ, விவாதமா. அமெரிக்காவுல துப்பாக்கிச் சட்டத்தை இறுக்குனா கொலை கொள்ளை குறையுமா குறையாதானு நாலு பேரு உக்காந்து சண்டை போடுறாங்களாக்கும். இதுக்கு எதுக்குத் தம்பி அமெரிக்கா வரைக்கும் போகணும்? இந்தா பக்கத்துல உக்காந்திருக்கேன்ல, என்னைக் கேளுங்க. குறையாது. ஒரு நூல் குறையாது. படிச்சுச் சொல்லல, பட்டுச் சொல்றேன்.

அதைக் கொஞ்சம் அமத்திருங்க. ஆங்.

எம்பேரு சடையாண்டி. இந்த பஸ்ஸு மலை ஏறி நிக்கிற கடைசி ஊருக்கு முந்தின ஊரு, கொடம்பாறை. மிளகு, வாழை, சவ்சவ் போட்டிருக்கேன். காலையில திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டுத் திரும்புறேன். எதுக்குப் போனேன்? துப்பாக்கிக்குத்தான். என் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷன்ல கிடக்குது தம்பி. திருட்டுத் துப்பாக்கி இல்ல. எங்கய்யா பேர்ல இருந்து எம்பேருக்கு மாறுன லைசென்சுத் துப்பாக்கி. ஒத்தைக்குழல். பயிரைக் காப்பாத்திக்கடானு கவர்மெண்டே குடுத்தது. இப்பக் கவர்மெண்டே வச்சுக்கிட்டுத் தரமாட்டேங்குது.

அந்தத் துப்பாக்கியால ஒரு குத்தம் நடந்ததில்ல. இதை எங்க வேணாலும் சொல்லுவேன். எங்கய்யா காலத்துல இருந்து ஒரு குத்தம் இல்ல.

எங்க சின்னய்யா செத்தாரு, வாஸ்தவம். அதைச் சொல்லுவாங்க, ஊர்ல போனா உங்ககிட்டயும் சொல்லுவாங்க. எங்கய்யா வீட்டு முத்தத்துல உக்காந்து துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டு இருந்திருக்காரு, சின்னய்யா பாகப் பிரிவினை விசயமாப் பேச வந்திருக்காரு, பேசிக்கிட்டே இருக்கையில வெடிச்சுருச்சு. நெஞ்சுல பட்டு, வாசப்படியிலயே உசுரு போயிருச்சு. நான் அப்ப அரைக்கால் டவுசர். வாசப்படிக் கல்லைப் பேத்துப் போட்டுட்டு வேற கல்லு வச்சாங்க, அது ஞாபகம் இருக்கு. அது விபத்து தம்பி. போலீஸே விபத்துன்னுதான் எழுதுச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லாம இருந்துச்சு, அதை வச்சு ஊரு ஒரு மாதிரியாப் பேசும். பேசுற வாயை மூட முடியுமா? விபத்தைக் கொண்டுபோய்க் குத்தத்துல சேர்க்கக்கூடாதுல்ல.

அப்புறம் மொக்கையன். தேன் எடுக்குறவன். அவன் பேர்லயும் தப்பு இருக்கு. வாழைக்குள்ள பன்னி மேயுற நேரத்துல எவனாச்சும் குனிஞ்சு போவானா? சரசரன்னு சத்தம் கேட்டுச்சு, நான் சுட்டேன். பன்னிதான் கத்துதுன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பாத்தா தொடையைப் பிடிச்சுக்கிட்டு உருளுறான். ரவை சதைக்குள்ள நெல்லு விதைச்ச மாதிரி இறங்கியிருக்கு. நானேதான் தோள்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோனேன். ரவையை ஊர்லயே நோண்டி எடுத்துட்டு, ஆஸ்பத்திரியில மரத்துல இருந்து விழுந்து குச்சி குத்திருச்சுன்னு சொல்லிட்டான், நல்ல மனுசன். இப்பவும் நொண்டிக்கிட்டுத்தான் போவான், பாத்தா கும்பிடுவான். கேசும் இல்ல ஒண்ணும் இல்ல.

இப்பச் சொல்லுங்க, குத்தம் எங்க இருக்கு?

எனக்கு ஒரு மச்சினன். எஞ்சம்சாரத்தோட தம்பி, தவமணினு பேரு. பட்டாளத்துல இருந்துட்டு வந்தவன். பொண்டாட்டி இறந்துட்டா, பிள்ளை இல்ல. வந்தவன் எந்தோட்டத்தை ஒட்டியே நிலத்தை வாங்கி, அங்கேயே ஓட்டு வீடு போட்டு உக்காந்துட்டான். அக்கா பக்கத்துல இருக்கணும்னு ஆசை. நல்லா உழைப்பான், குடி கிடையாது, எல்லாம் சரி. ஆனா வாய். அவனுக்குத் துப்பாக்கின்னாலே ஆகாது. வருசக்கணக்கா துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சவனுக்கு என் ஒத்தைக்குழலைக் கண்டா மட்டும் ஏன் அரிக்கணும்?

டீக்கடையில உக்காந்தா இதே பேச்சுத்தான். தேர்தல் வருது, துப்பாக்கி வச்சிருக்குறவங்க எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு ஒவ்வொரு தேர்தலுக்கும் போலீஸ்காரன் வந்து நிப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அன்னிக்கும் அப்படித்தான். நான் சொன்னேன், "லைசென்சு வச்சிருக்கவன் துப்பாக்கியைத்தான் வாங்குறான். லைசென்சு இல்லாம நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்கவன் கொண்டுபோய்க் குடுக்குறானா? கீழ டவுன்ல நடுரோட்டுல ஓட ஓட வெட்டுறானே, அந்த அருவாளுக்கு எவன் லைசென்சு குடுத்தான்? அருவாளை வாங்கி வைக்கச் சொல்லு பாப்போம்."

கடையில இருந்தவங்க எல்லாம் ஆமான்னாங்க. இவன் டீயை ஆத்திக்கிட்டே சொல்றான்: "மாமா, நான் ரெண்டு விதமான ஊரையும் பாத்திருக்கேன். எல்லா ஊர்லயும் மனுசன் சண்டை போடத்தான் செய்றான். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குற ஊர்ல சண்டை முடிஞ்சதும் பாடை கட்டுறான். கம்பும் கத்தியும் இருக்குற ஊர்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறான். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப சண்டை குறையல இல்ல?"

"சண்டை குறையாது மாமா."

"அவ்வளவுதான்! நீயே ஒத்துக்கிட்ட!" கடையே சிரிச்சுச்சு. அவன் டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அன்னிக்கு விவாதத்துல நான்தான் ஜெயிச்சேன். அதுல சந்தேகமே இல்ல.

ஜெயிச்சு என்ன? துப்பாக்கியைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். எண்ணெய் போட்டு, பழைய வேட்டியைச் சுத்தி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விடுற மாதிரி விட்டுட்டு வந்தேன். அந்த எஸ்.ஐ. அதை வாங்கி விறகுக் கட்டையை வைக்கிற மாதிரி மூலையில சாத்துறான்.

பன்னிக்கு யாரு தம்பி சொன்னது? தேர்தல் தேதி அதுக்குத் தெரியுமா? துப்பாக்கி போன அந்த வாரமே இறங்கிருச்சு. தார் போடுற வாழை எல்லாம் கிழங்கோட பேத்துப் போட்டுருச்சு. தகரத்தைத் தட்டுனேன், வெடி போட்டேன், தீ மூட்டுனேன். தகரத்தைத் தட்டத் தட்ட அது பாட்டுக்கு நின்னு திங்குது. துப்பாக்கி இருந்தா ஒரு வெடி, ஒரே ஒரு வெடி, ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கமே தலை வைக்காது.

இதுல இவன் என்ன செஞ்சான் தெரியுமா? சோலார் வேலி போட்டான். கம்பியில சுருக்குனு கரண்டு அடிக்குமே, அது. சாகாது, மிரளும். அவன் தோட்டத்துக்கு மட்டும் நாலு பக்கமும் போட்டுட்டான். மேல காட்டுல இருந்து இறங்குற பன்னி என்ன செய்யும்? அவன் கம்பியில மூக்கை வச்சுச் சுருக்குனதும் திரும்பி நேரா எந்தோட்டத்துக்குள்ள. அதுவரைக்கும் ரெண்டு தோட்டத்துலயும் பங்கு போட்டுத் தின்னது இப்ப மொத்தமா என்கிட்ட. என் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனதுக்கும் அவன் வேலி போட்டதுக்கும் இடையில எத்தனை நாளுங்குறீங்க? பாத்துப் போட்டிருக்கான் தம்பி, பாத்துப் போட்டிருக்கான்.

கண்டக்டர், ரெண்டு டிக்கெட் நான் முன்னாடியே எடுத்துட்டேன்யா, எத்தனை தடவை கேப்ப? அந்தா முன்னால மூணாவது சீட்டுல உக்காந்திருக்கால்ல பச்சைச் சேலை, அவதான் எஞ்சம்சாரம் காமுத்தாய். கூடத்தான் வந்தா. பக்கத்துல உக்காரல. காலையில ஆபீசுல நடந்ததுல இருந்து என் மூஞ்சியைப் பாக்கல. நியாயமா நான்தான் அவ மூஞ்சியைப் பாக்கக்கூடாது. சொல்றேன், அதுக்கு வர்றேன்.

எங்கிட்ட ஒரு நாய் இருந்துச்சு, செவலை. துப்பாக்கி இல்லாத குறைக்கு அதுதான் காவல். ஒருநாள் விடிஞ்சும் விடியாம கிடந்து குலைச்சுச்சு, அப்புறம் ஒரு மாதிரி கத்துச்சு. ஓடிப் பாக்குறேன், ஒரு ஆம்பளைப் பன்னி, கன்னுக்குட்டி தண்டிக்கு, செவலையை வாழை மரத்தோட வச்சுக் குத்தி மேல தூக்கிக்கிட்டு இருக்கு. கல்லை எடுத்து எறிஞ்சேன். என்னைத் திரும்பிப் பாத்துச்சு தம்பி, பயமே இல்ல அதுக்கு. மெதுவா நடந்து போகுது. செவலை வயிறு இங்க இருந்து இங்க வரைக்கும் கிழிஞ்சு, குடல் மண்ணுல புரளுது. அந்த நிலையிலயும் என்னைக் கண்டு வாலை ஆட்டுச்சு. குடலை அள்ளி உள்ள வச்சுத் துண்டால கட்டித் தூக்குனேன். என் மடியிலயே துடிச்சுத் துடிச்சு அடங்கிருச்சு.

நாயைக் கீழ போட்டுட்டு நேரா அவன் தோட்டத்துக்குப் போனேன். சட்டை வேட்டி எல்லாம் ரத்தம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு மிளகுக் கொடிக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருக்கான். கூட ரெண்டு கூலியாளுங்க.

"என்ன மாமா, ரத்தம்?"னு பதறிக்கிட்டு வந்து கரண்டை அணைச்சுட்டு வெளிய வந்தான்.

"உன் வேலி செஞ்ச வேலை. செவலை செத்துருச்சு."

"ஐயோ" ன்னான். அதோட நிறுத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. "ரெண்டு தோட்டத்துக்கும் சேத்துப் போடுவோம்னு ஆடி மாசமே கேட்டேனே மாமா. எனக்குத் துப்பாக்கி இருக்குடா, வேலி வேணாம்னீங்க" ன்னான்.

கேட்டான், வாஸ்தவம். துப்பாக்கி இருக்குறவன் எதுக்குத் தம்பி வேலி போடணும்?

"துப்பாக்கி என்கிட்ட இல்லைன்னு தெரிஞ்சுதானடா இப்பப் போட்ட?" ன்னேன்.

"இல்லாதது நல்லது மாமா. இருந்திருந்தா அந்த அரை இருட்டுல நாயைத்தான் சுட்டிருப்பீங்க. மொக்கையனைச் சுட்ட ஆளுதானே நீங்க."

கூலியாளுங்க முன்னால சொல்றான். அதுல ஒருத்தன் சிரிச்சான். விட்டேன் ஒரு அறை. அக்கா புருசன் அடிச்சா வாங்கிக்கணுமா இல்லையா? திருப்பி விட்டான் தம்பி. பட்டாளத்துக் கை. இந்தா பாருங்க, இந்த ஓட்டை, இங்க இருந்த பல்லு அன்னிக்கு விழுந்ததுதான். வாய் நிறைய ரத்தம். மண்ணுல உக்காந்துட்டேன். "போங்க மாமா, வீட்டுக்குப் போங்க, மூஞ்சியைக் கழுவுங்க" ங்குறான். கையைக் குடுத்துத் தூக்க வர்றான். அதுதான் எனக்குத் தாங்கல.

வீட்டுக்குத்தான் போனேன். மூஞ்சியைக் கழுவப் போகல. பீரோவைத் திறந்தேன். கையை உள்ள விட்டுத் துழாவுறேன், சேலையா வருது, போர்வையா வருது. எல்லாத்தையும் இழுத்துக் கீழ தள்ளுறேன். காமுத்தாய் பின்னால நின்னுக்கிட்டு, "அது இல்லைங்க, அது இல்லைங்க, அதுதான் ஸ்டேஷன்ல இருக்கே" ன்னு அழுகுறா. கோவத்துல எனக்கு அதுவே மறந்துபோச்சு தம்பி. ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்தது சுத்தமா மறந்துபோச்சு. வெறும் பீரோ முன்னால நிக்கிறேன். அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரம் தவமணி மேலகூட இல்ல. அந்த எஸ்.ஐ. மேல, தேர்தல் மேல, கவர்மெண்ட் மேல. அவசரத்துக்குன்னு ஒரு சாமானை வச்சிருக்கோம். அவசரம் வரும்போது அது இல்லைன்னா எப்படி இருக்கும்?

கொட்டகையில வாழைத்தார் வெட்டுற அருவா சொருகியிருந்துச்சு. உருவிக்கிட்டு ஓடுனேன்.

அவன் மோட்டார் ரூம் பக்கம் போய்க்கிட்டு இருந்தான். நான் கத்திக்கிட்டே போனதுல திரும்பிட்டான். கத்தியிருக்கக்கூடாது. ஓங்குனேன், கையைக் குறுக்க நீட்டிட்டான். வலது கை. முழங்கைக்குக் கீழ இறங்குச்சு. எலும்புல பட்டு அருவா நிக்கிற சத்தம் இருக்கே, பச்சைத் தென்னை மட்டையில கொத்துன மாதிரி. அவன் கையை நீட்டாம இருந்திருந்தா அந்தக் கைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கழுத்துல பட்டிருக்கும்ல, ஆமா. சரி, அதை விடுங்க. பிடுங்கி ரெண்டாவது வெட்டு வெட்டுனேன், தோள்பட்டையில போச்சு. அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சுட்டான். வெட்டுப்பட்ட கையை இன்னொரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, மிளகுக் கொடிக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு ஓடுறான். கொடி மேலெல்லாம் ரத்தம் சீத்து சீத்துனு அடிக்குது. நானும் துரத்துறேன். எனக்கு வயசு ஐம்பதைத் தாண்டிருச்சு, அவன் பட்டாளத்துல ஓடிப் பழகுனவன். மூச்சு வாங்குது. அருவான்னா கிட்டப் போகணும்ல தம்பி? எட்டி நின்னு ஒண்ணும் செய்ய முடியாதுல்ல?

கிட்டப் போயிருப்பேன். இவ வந்து காலைக் கட்டிக்கிட்டா. "எந்தம்பிங்க, எந்தம்பிங்க" ன்னு மண்ணுல கிடந்து இழுக்குறா. உதறுனதுல குதிகால் அவ வாயில பட்டுருச்சு. அதுலயும் ரத்தம். கூலியாளுங்க ரெண்டு பேரும் எங்க ஓடுனாங்கன்னே தெரியல. தவமணி ரோட்டுக்கு ஏறி பால் வண்டி முன்னால போய் விழுந்திருக்கான். அள்ளிப் போட்டுக்கிட்டுக் கீழ போயிட்டாங்க.

நான் அங்கேயே உக்காந்திருந்தேன். போலீசு வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். வந்தது யாருன்னு நினைக்குறீங்க? அதே எஸ்.ஐ.தான். அவன் ஜீப்புல ஏறும்போதே கேட்டேன்: "இப்ப என்ன சொல்றீங்க சார்? துப்பாக்கியை வாங்கி வச்சீங்களே, குத்தம் குறைஞ்சிருச்சா?" அவன் டிரைவரைப் பாத்து வண்டியை எடுன்னான். பதில் இருந்தாத்தானே சொல்லுவான்.

இதுதான் தம்பி என் கேள்வி. உங்க போன்ல கத்துறவங்ககிட்ட இதைக் கேக்கச் சொல்லுங்க. துப்பாக்கி ஸ்டேஷன்லதான் இருந்துச்சு. சட்டம் சொன்னபடிதான் இருந்துச்சு. வெட்டு விழுந்துச்சா இல்லையா? துப்பாக்கியால சுட்டாலும் ஒரு கேசு, அருவாளால வெட்டுனாலும் ஒரு கேசு. அப்புறம் எங்க குறைஞ்சுச்சு?

என்ன? அவரு உசுரோட இருக்காருல்லன்னா கேக்குறீங்க? இருக்கான். உசுரோடதான் இருக்கான். அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? நாம குத்தம் குறைஞ்சுச்சா இல்லையானு பேசிக்கிட்டு இருக்கோம்.

துப்பாக்கி மட்டும் கையில இருந்திருந்தா வாசல்ல நின்னே மிரட்டியிருப்பேன். அவன் பயந்து காலுல விழுந்திருப்பான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம முடிஞ்சிருக்கும். சுட்டிருப்பீங்களான்னு நீங்க கேக்கல, கேக்க நினைக்குறீங்க, மூஞ்சியிலயே தெரியுது. என்ன கேள்வி தம்பி அது? மச்சினனைப் போய் யாராச்சும் சுடுவாங்களா?

கொலை முயற்சினு கேசு போட்டு உள்ள தள்ளிட்டாங்க. ஜாமீன்ல வந்தேன், வாய்தா வாய்தான்னு அலைஞ்சேன். கடைசியில அவனைக் கூண்டுல ஏத்திக் கேட்டாங்க, யாரு வெட்டுனதுன்னு. தொங்குன கையோட நிக்கிறான். என்னைப் பாத்தான், இவளைப் பாத்தான். "வழுக்கி விழுந்தேங்க. வாழை வெட்ட வச்சிருந்த அருவா மேல விழுந்துட்டேன்" னுட்டான். கவர்மெண்டு வக்கீலு எப்படி எப்படியோ கேட்டுப் பாத்தாரு, அதையேதான் சொன்னான். இவளையும் ஏத்துனாங்க, "நான் பாக்கலைங்க, வீட்டுக்குள்ள இருந்தேன்" ன்னா. ஓடிப்போன கூலியாளுங்களும் பாக்கலைன்னுட்டாங்க. விடுதலை பண்ணிட்டாங்க. ஆக அந்தக் குத்தமும் இல்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு தம்பி. எங்க குடும்பத்துல இன்னிக்கு வரைக்கும் குத்தமே நடக்கல.

அவன் நிலத்தை வித்துட்டுக் கீழ அடிவாரத்துக்கு வந்துட்டான். செக்போஸ்ட் பக்கத்துல ஒரு சின்ன வீடு. என்கூடப் பேச்சு இல்ல. நானும் போகல. பெரியவன் நான் எப்படிப் போறது?

கோர்ட்டு விட்டதும் துப்பாக்கியைக் கேட்டு எழுதிப் போட்டேன். இழுத்து இழுத்து, இன்னிக்குத்தான் விசாரணைன்னு கூப்பிட்டாங்க. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை அதிகாரி, எம் மக இருந்தா அந்த வயசு இருக்கும். என்கிட்ட மரியாதையாத்தான் பேசுச்சு. நானும் எடுத்துச் சொன்னேன், பன்னித் தொல்லை, காட்டுமாடு, விடுதலை ஆனது, எல்லாம். தலையை ஆட்டிக் கேட்டுச்சு. எனக்குக் கிடைச்சிரும்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் இவகிட்டத் திரும்பி, "உங்களுக்கு ஏதாச்சும் ஆட்சேபனை இருக்காம்மா?" ன்னு சும்மா ஒரு வார்த்தை கேட்டுச்சு.

"இருக்குங்க" ன்னா.

நான் சரியாக் காதுல விழலையோன்னு பாத்தேன். முப்பது வருசத்துல அந்தச் சத்தத்துல அவ பேசி நான் கேட்டதில்ல. "கோர்ட்டுல நான் பொய் சொன்னேங்க. தாலிக்காகச் சொன்னேன். எந்தம்பி எனக்காகச் சொன்னான். அதுக்கு வேற தண்டனை இருந்தா குடுங்க. ஆனா இவரு கையில துப்பாக்கியைக் குடுத்துராதீங்க" ன்னா.

அன்னிக்கு பீரோவுல தேடுனது மிரட்டத்தான்னு நான் குறுக்க விழுந்தேன். "மிரட்டத்தான்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரேம்மா" ன்னுச்சு அந்த அதிகாரி.

"மிரட்டப் போறவருக்குத் தோட்டா எதுக்குங்க? பீரோவைத் திறந்ததும் முதல்ல தோட்டா டப்பாவைத்தான் எடுத்தாரு. மடியில அள்ளிக் கட்டிக்கிட்டாரு. அதுக்கு அப்புறம்தான் துப்பாக்கியைத் தேடுனாரு. நான் காலைக் கட்டிக்கிட்டுக் கிடக்கும்போது என் தலை மேல தோட்டாவா உதிர்ந்துச்சுங்க" ன்னா.

போலீசு துப்பாக்கியை வாங்கி வச்ச அன்னிக்குத் தோட்டாவை அவங்க கேக்கல, நானும் குடுக்கல, அதனால வீட்ல இருந்துச்சு. அதை எடுத்தது ஒரு பெரிய விசயமா? பழக்கம் தம்பி. பேனாவை எடுத்தா மூடியைக் கழட்டுறோம், அதுக்காக எழுதத்தான் போறோம்னு அர்த்தமா? இதைச் சொன்னேன் அங்க. அந்தப் பொண்ணு எழுதறதை நிறுத்திட்டு என்னையே பாத்துச்சு.

இவ விடல. சின்னய்யா கதையைச் சொல்றா, அவ அப்ப எங்க வீட்டுக்கே வரல, அவளுக்கென்ன தெரியும்? மொக்கையனைச் சொல்றா. கல்யாணமான புதுசுல சோறு குழைஞ்சுபோச்சுன்னு நான் கூரையைப் பாத்து ஒரு வெடி வெடிச்சதைச் சொல்றா. அது புருசன் பொண்டாட்டிக்குள்ள நடந்தது. ஓடு உடைஞ்சு அவ நெத்தியில விழுந்துச்சு, அதை யாரு இல்லைன்னது? கலெக்டர் ஆபீசுல வச்சுச் சொல்ற விசயமா அது? கடைசியா ஒண்ணு சொன்னா. "அருவாளா இருந்ததால எந்தம்பி ஓடி வந்துட்டாங்க. இன்னொரு தடவை எங்களால ஓட முடியாதுங்க" ன்னா. எங்களாலங்குறா, பாருங்க. இவ எதுக்கு ஓடணும்?

யோசிச்சு உத்தரவு போடுறேன்னு அனுப்பிருச்சு அந்தப் பொண்ணு. படியில இறங்கும்போது கேட்டேன், "ஏன்டி இப்படிப் பண்ணுன?" ன்னு. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. பஸ்ல ஏறி நேரா முன்னால போய் உக்காந்துட்டா. வெட்டுனவனை மன்னிச்சுட்டாங்க அக்காளும் தம்பியும். ஒரு மரக்கட்டையும் இரும்புக் குழலும் என்ன பாவம் செஞ்சுச்சு? அதை ஏன் மன்னிக்க மாட்டேங்குறாங்க? படிச்சவர் நீங்க, உங்களுக்குப் புரியுதா?

செக்போஸ்ட் வந்துருச்சு. இங்க அஞ்சு நிமிசம் போடுவான், அப்புறம் மலை ஏறணும். வாந்தி வர்ற ஆளா நீங்க? வராதுன்னா சரி.

இவ ஏன் எந்திரிக்குறா? தண்ணி வாங்கவா? இங்கதான் வர்றா.

"என்ன?"

"நான் இங்க இறங்குறேன்."

"இங்க எதுக்கு?"

"தவமணிக்குக் கை ரெண்டு மாசமாச் சீப் பிடிக்குது. சோறு பிசைஞ்சு குடுக்க ஆளில்ல."

"இடது கையில திங்கத் தெரியாதா அவனுக்கு? மலைக்கு இதுதான் கடைசி பஸ். எப்படி வருவ?"

"இன்னிக்கு வரல."

"அப்ப எப்ப வருவ?"

"துப்பாக்கி வருதா வரலையானு பாத்துட்டுச் சொல்றேன்."

காமுத்தாய்! ஏய், இந்தா! கண்டக்டர், ஒரு நிமிசம்யா...

போறா தம்பி. திரும்பிக்கூடப் பாக்கல. அந்தா, ரோட்டைத் தாண்டி அந்தத் தகரக் கதவு வீட்டுக்குள்ள போயிட்டா. நீங்களே உங்க கண்ணால பாத்தீங்கள்ல?

சரி. போகட்டும். வண்டி எடுத்துட்டான், கம்பியைப் பிடிச்சுக்கங்க, வளைவு அதிகம்.

இப்பச் சொல்லுங்க தம்பி. காட்டுக்கு நடுவுல ஒத்தை வீடு. நாயும் இல்ல. பொண்டாட்டியும் இல்ல. பக்கத்துத் தோட்டத்துல கூப்பிட்டா வர ஒரு ஆள் இல்ல. இனிமேத்தானே எனக்குத் துப்பாக்கி கண்டிப்பா வேணும்? அந்தப் பொண்ணு இன்னும் உத்தரவு போடல. தனியாளா இருக்கேன், உசுருக்கு ஆபத்துன்னு எழுதிக் கேட்டாக் குடுத்துருவாங்கள்ல? உங்க கையெழுத்து நல்லா இருக்குமா? மலை ஏறி முடிக்கிறதுக்குள்ள ஒரு மனு எழுதிக் குடுத்துருங்க தம்பி.